வாசகர் கேள்வி: கல்யாண வீட்டுக்கு எப்போது போய்ச் சேர்வது?

கேள்வி: அக்கா, என் பெரியம்மா கல்யாணமாகி மலேசியா போனவர், சுங்கை பட்டாணியில் இருக்கிறார். ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். நான், கணவர், எட்டு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் அம்மா, ஆக ஐந்து பேர் போகிறோம். முந்தின திங்கட்கிழமையே கோலாலம்பூரில் இறங்கி அங்கே இரண்டு நாள், கெந்திங் ஒரு நாள், லங்காவி இரண்டு நாள் சுற்றிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கல்யாண வீட்டுக்குப் போகலாம் என்கிறார் கணவர். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. "அக்காவைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆச்சு, என்னை நேரே அங்கே கொண்டுபோய் விடு" என்கிறார். தினமும் இதே பேச்சு. டிக்கெட் இன்னும் போடவில்லை. என்ன செய்யலாம்?
பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே கேட்டீர்களே, நல்லது. உங்கள் கணவர் ஆசைப்படும் இடங்கள் எதையும் விட வேண்டாம். வரிசையை மட்டும் திருப்பிப் போடுங்கள். திங்கட்கிழமைக்குப் பதில் புதன்கிழமை இறங்குங்கள், அந்த இரண்டு நாளைக் கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். லீவு அதிகமாகாது, செலவும் பெரிதாக மாறாது.

மேப்பை எடுத்துப் பாருங்கள். கோலாலம்பூர் தெற்கே இருக்கிறது, சுங்கை பட்டாணி வடக்கே கெடா மாநிலத்தில். லங்காவிக்குப் படகு ஏறும் கோலா கெடா துறை அதற்கும் வடக்கே. கணவர் சொல்கிறபடி போனால் பெரியம்மா ஊரைத் தாண்டி லங்காவி போய், மறுபடி திரும்பி வரவேண்டும், அதுவும் முழங்கால் வலியோடு இருக்கிற அம்மாவையும் நாலு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு. கல்யாணம் முடிந்து பெரியம்மா வீட்டிலிருந்தே லங்காவி கிளம்பினால் அது பக்கத்துப் பயணம். கெந்திங் கோலாலம்பூருக்குப் பக்கத்தில்தான், ஊர் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை கோலாலம்பூரில் ஒரு ராத்திரி தங்குங்கள். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருப்பதால் அம்மாவுக்கு விமானம் மாறும் அலைச்சல் இல்லை, டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். அன்று சாயங்காலம் இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் பூங்கா போதும், பிள்ளைகள் தண்ணீரில் விளையாட ஆழமில்லாத குளம் இருக்கிறது. வியாழன் காலை கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் இடிஎஸ் என்கிற விரைவு மின்சார ரயில் ஏறினால் நாலரை மணி நேரம் போலத்தான், சுங்கை பட்டாணியிலேயே நிற்கும். வாரக் கடைசியை ஒட்டி சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆன்லைனில் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். பத்துமலையை ஊர் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம், படி 272, அம்மா ஏற வேண்டியதில்லை, 140 அடி முருகனைக் கீழே நின்றே கண் நிறையப் பார்க்கலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அக்கா மகள் கல்யாணம் சிங்கப்பூரில் நடந்தது. நாங்களும் முதலில் ஊரைச் சுற்றிவிட்டு முந்தின நாள் ராத்திரி போய்ச் சேர்ந்தோம். வழியில் ஒரு விமானத்தில் பட்டுப்புடவை இருந்த பெட்டி வராமல் போய், முகூர்த்தம் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. அதைக்கூட மறந்துவிட்டேன். நலங்குக்கு என் கை மஞ்சள் அந்தப் பெண் கன்னத்தில் படவில்லை, அக்கா அன்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. மலேசியாவில் நம்மவர் கல்யாண வீட்டில் கடைசி மூன்று நாள்தான் வீடு நிறைந்திருக்கும், பந்தல் போடுவது, பெண்கள் கூடி உட்கார்ந்து பலகாரம் சுடுவது எல்லாம் அப்போதுதான். உங்கள் அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டியது அந்த நேரத்தில். சனிக்கிழமை சாயங்காலம் போனால் பெரியம்மாவுக்கு உட்காரவே நேரம் இருக்காது.

வெள்ளிக்கிழமை கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டில் பொழுது போகாதே என்றால், காலையில் காரில் மெர்போக் போய் வரச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் அங்கேதான், ஜெராய் மலை அடிவாரத்தில், பழைய கோயில் அடித்தளத்தை அப்படியே பார்க்கலாம். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் வென்ற கடாரம் இந்தப் பக்கம்தான் என்பார்கள். கங்கைகொண்ட சோழபுரம் பார்த்த திருச்சிப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

அப்புறம் சில வேலைகள். எல்லார் பாஸ்போர்ட்டிலும் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், அம்மாவுடையதை முதலில். இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற சலுகை 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது. ஆனாலும் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஒவ்வொருவர் பேரிலும் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. அதற்குக் கட்டணமே கிடையாது, பணம் கேட்கிற இணையதளம் என்றால் மூடிவிடுங்கள். திரும்பும் டிக்கெட், பெரியம்மா வீட்டு முகவரி, கல்யாணப் பத்திரிகை மூன்றையும் கைப்பையில் வையுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், அதனால் ரிங்கிட்டைக் கோலாலம்பூரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அம்மாவின் மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

கணவரிடம் இதைச் சண்டையாகப் பேச வேண்டாம். மேப்பைக் காட்டுங்கள், போதும்.

கேள்வி: வெளிநாட்டில் உறவினர் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள 20 பவுன் நகை கொண்டுபோகலாமா? திரும்பி வரும்போது வரி கேட்பார்களா?
ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: இங்கே கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். திரும்பும்போது அதைக் காட்டினால், இது நீங்கள் கொண்டுபோன நகைதான் என்பதற்கு அத்தாட்சி. கடை ரசீது, ஒவ்வொரு நகையின் போட்டோ இரண்டும் இருந்தால் வேலை சுலபம். இதற்கென்று ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள், பெட்டியில் போட்டு செக்கின் செய்துவிட்டுப் போய்க் கேட்டால் காட்ட முடியாது. போகிற நாட்டின் சுங்க விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஒரு ஆரம், ஒரு ஜோடி வளையல், தோடு போதும், மிச்சத்தை லாக்கரில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.