73939133 என்ற எண்ணில் அப்படி என்ன சிறப்பு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வகுப்பு நடத்தும்போது இந்தப் பகா எண்ணை (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) பலகையில் எழுதி, வலக்கோடி இலக்கத்தை உள்ளங்கையால் மறைப்பேன். 7393913. இதுவும் பகா எண்தான். மேலும் மறைத்துக்கொண்டே போனால் 739391, 73939, 7393, 739, 73, 7. எல்லாமே பகா எண்கள்! பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

இத்தகைய எண்கள் மொத்தம் 83 மட்டுமே. அவற்றில் மிகப்பெரியது இதுதான்.

ஏன் இதோடு நின்றுவிடுகிறது? கடைசியில் இரட்டை இலக்கமோ 5-ஓ சேர்த்தால் 2 அல்லது 5 அதை வகுத்துவிடும். எஞ்சுபவை 1, 3, 7, 9. இனி இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 38. அதை 3-ஆல் வகுத்தால் மீதி 2. எனவே 1 சேர்த்தால் 39, 7 சேர்த்தால் 45. இரண்டுமே 3-ஆல் வகுபடும். 3, 9 சேர்த்தாலும் பகு எண்களே கிடைக்கின்றன, ஆனால் அதை வகுத்துப் பார்த்துத்தான் அறிய முடியும்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் வேறு. தொடக்கத்திலுள்ள 7-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. 3-ம் 9-ம் அந்த மீதியை மாற்றுவதில்லை. 1 அல்லது 7 வந்தால் அது 2 ஆகிவிடும். இன்னொரு முறை வந்தால் 3-ஆல் வகுபட்டுவிடும். ஆகவே 7-இல் தொடங்கும் எந்தச் சங்கிலியிலும், முதல் இலக்கத்துக்குப் பிறகு 1 அல்லது 7 ஒரே ஒரு முறைதான் வரலாம். நம் எண்ணில் அந்த ஒற்றை 1 ஆறாம் இடத்தில் இருக்கிறது.