தீயணைப்பு வீரரின் 20 வருட ஓய்வூதியக் கணக்கில் பயிற்சி அதிகாரி பணி சேருமா?

சேரும், ஆனால் தீயணைப்பு வேலையை ராஜினாமா செய்துவிட்டு, ஒரு மாதம் ஓய்வெடுத்த பிறகு பயிற்சி அதிகாரி வேலையில் சேரலாம் என்கிறீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்களுக்கான ஓய்வூதியத் திட்டமான ஃபெர்ஸ் விதிப்படி, நேரடித் தீயணைப்பில் 3 வருடமாவது இருந்தவர் அங்கிருந்து நேராக, இரண்டாம்நிலைப் பணியாக (நேரடியாகத் தீயணைக்காத மேற்பார்வை, நிர்வாகப் பணி) அங்கீகரிக்கப்பட்ட பதவிக்கு மாற வேண்டும். இடைவெளி 3 நாளைத் தாண்டினால் தீயணைப்பாளருக்கான சிறப்பு ஓய்வூதியச் சலுகை போச்சு. ஓய்வு வேண்டுமென்றால் விடுப்பு எடுங்கள்.

உங்களுக்கு வயது 48, சர்வீஸ் 16. அப்படியானால் 52இல் 20 வருடம் முடிந்துவிடும். 50 வயது தாண்டியிருப்பதால் உடனே ஓய்வூதியத்தோடு வெளியேறலாம். (25 வருடம் முடித்தவருக்கு வயதே தடையில்லை.) 57இல் கட்டாய ஓய்வு நேரடிப் பணிக்குத்தான்.

அப்புறம், மாறியதும், பணி மாற்றத்தைப் பதிவு செய்யும் எஸ்எஃப்-50 படிவத்தில் ஓய்வூதியத் திட்டக் கட்டத்தைப் பாருங்கள். ‘எம்’ இருக்க வேண்டும். ‘கே’ என்றிருந்தால் சாதாரணத் திட்டம். அன்றைக்கே மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.