சுண்ணாம்புச் சுவரும் வெப்ப இயக்கவியலும்: தேவகோட்டைத் தாய்க்கு ஒரு பதில்

ஆச்சி, பதினொன்றாம் வகுப்பு வெப்ப இயக்கவியல் பாடத்தில் மகள் திணறுகிறாள், பள்ளி முடிந்ததும் வேதியியலை விட்டுவிட்டு பி.காம். சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அந்தப் பாடம் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த மாற்றம் தானாக நடக்குமா, நடக்காதா? சூத்திரங்களின் நெரிசலில் பிள்ளைகளுக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

உங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைக் காட்டியே சொல்லிக் கொடுக்கலாம். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இதற்கு ஒரு மோலுக்குச் சுமார் 178 கிலோஜூல் வெப்பம் உள்ளே போக வேண்டும். இது என்தால்பி மாற்றம். போன வெப்பம் எங்கும் தொலையாது. பேரேட்டில் பற்றும் வரவும் நேர்ப்படுவது போலத்தான் வெப்ப இயக்கவியலின் முதல் விதி. கல்லுக்குள் அடைபட்டிருந்தது வாயுவாகப் பரவுவதால் என்ட்ரோபி, அதாவது சிதறலின் அளவு, கூடுகிறது, கெல்வினுக்குச் சுமார் 160 ஜூல். இந்த என்ட்ரோபி மாற்றத்தை வெப்பநிலையால் பெருக்கி, என்தால்பி மாற்றத்திலிருந்து கழித்தால் கிடைப்பது கிப்ஸ் கட்டிலா ஆற்றல் மாற்றம். விடை எதிர்க்குறியில் வந்தால் வினை தானாக நடக்கும். விடை எந்த வெப்பநிலையைத் தாண்டினால் எதிர்க்குறியாகும் என்று அறிய, 178 கிலோஜூலை ஜூலாக்கி, 1,78,000-ஐ 160-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஏறக்குறைய 1,110 கெல்வின், அதாவது 840 டிகிரி செல்சியஸ். சூளைக்கு ஏன் அத்தனை விறகு என்பதற்கு விடை இந்த வகுத்தலில் இருக்கிறது.

அப்புறம், சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் கிடைக்கும் நீர்த்த சுண்ணாம்பைச் சுவரில் பூசினால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி அது மறுபடி கல்லாகிறது. சாதாரண வெப்பநிலையில் அதுதான் தானாக நடக்கும் திசை. ஆனால் மெதுவாக நடக்கும். நடக்குமா என்பதை மட்டுமே இந்தப் பாடம் சொல்லும். எவ்வளவு வேகமாக என்பது வேதிவினை வேகவியலின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இன்னொன்று, என்தால்பி கிலோஜூலிலும் என்ட்ரோபி ஜூலிலும் இருக்கும். அலகை மாற்றாமல் கழித்தால் எல்லாம் தெரிந்தும் மதிப்பெண் போய்விடும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் காரைக்குடிதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பேட்டரி, துருப்பிடித்தல் எல்லாம் அங்கே ஆராய்ச்சி. ஒரு பேட்டரி தரும் மின்னழுத்தம் அந்தக் கிப்ஸ் ஆற்றலின் இன்னொரு முகம்: துத்தநாகமும் செம்பும் கொண்ட டேனியல் மின்கலத்தின் 1.10 வோல்ட் என்பது ஒரு மோலுக்குச் சுமார் 212 கிலோஜூல். பன்னிரண்டாம் வகுப்பு மின்வேதியியல் பாடம் இதன் மேல்தான் நிற்கிறது.

அந்த நிலையத்திலேயே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். உண்டு. பொறியியல் வேண்டாம் என்றால் பி.எஸ்சி. வேதியியல், பிறகு ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு. எந்த வழியானாலும் கணிதத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

முதலில் இரண்டு வாரம், தினம் ஒரே ஒரு கிப்ஸ் கணக்கு போடட்டும். செப்டம்பர் 26, காரைக்குடி நிலையத்தின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம்) நிறுவன நாள், அதையொட்டி ஆய்வகங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவது வழக்கம். தேதியை விசாரித்துக்கொண்டு மகளைக் கூட்டிப் போய்வாருங்கள். பி.காமா, வேதியியலா என்ற பேச்சை அன்றைக்கு வீடு திரும்பியபின் அவளே எடுக்கட்டும்.