கல்லறைத் திருநாளும் தள்ளுபடி ஆகமமும்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். கட்டிக்கொடுத்தது நாகர்கோவிலில், ஒரு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பத்தில். எல்லாரும் என்மேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். போன மார்ச்சில் என் அம்மா இறந்துபோனார். வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி, அம்மா பெயருக்கு ஒரு பூசை எழுதிக்கொடுக்க நினைத்தேன். "செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்லி வேதத்துல எங்க இருக்கு அண்ணி?" என்று கொழுந்தன் கேட்டார். பழைய ஏற்பாட்டில் மக்கபேயர் நூலில் இருக்கிறது என்றேன். "அது தள்ளுபடி ஆகமம், எங்க வேதத்துல கிடையாது, நீங்களா சேர்த்துக்கிட்டது" என்றார். நாம்தான் சேர்த்தோமா? செத்தவர்களின் ஆத்துமா பரலோகம் போகுமுன் தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் என்று பைபிளில் உண்டா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரி,

அம்மா போன பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் இந்தக் கேள்வி வந்து நின்றது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. கொழுந்தன் கேட்டதிலும் தப்பில்லை. அவர் சபையில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

முதலில் அந்தப் பகுதியையே பார்ப்போம். 2 மக்கபேயர் 12. யூதர்களின் படைத்தலைவர் யூதா மக்கபேயுவின் படை சண்டை முடிந்து அதுல்லாமில் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கிறது. மறுநாள், விழுந்தவர்களை எடுத்து அடக்கம் செய்யப் போகிறார்கள். ஒவ்வொருவருடைய உள்ளாடைக்கு அடியிலும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து இருக்கிறது. திருச்சட்டத்துக்காகச் சண்டை போட்டுச் செத்தவர்கள், அதே சட்டம் விலக்கியதை உடம்போடு ஒட்டி வைத்திருந்திருக்கிறார்கள். கூட நின்றவர்கள் அவர்களைத் திட்டவில்லை. அந்தப் பாவம் முழுதும் துடைக்கப்பட வேண்டும் என்று மன்றாடுகிறார்கள். யூதா ஆளாளுக்குப் பணம் திரட்டி, சுமார் 2,000 திராக்மா வெள்ளியைப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறார். செத்தவர்கள் எழும்புவார்கள் என்று நம்பாதவர் இதைச் செய்திருக்க மாட்டார் என்கிறது நூல்.

உத்தரிக்கிற ஸ்தலம் என்ற சொல் அங்கே இல்லை, பைபிளில் வேறெங்கும் இல்லை. நெருப்பால் சோதிக்கப்பட்டு மீட்படைவதைப் பற்றிப் பவுல் எழுதியதையும் (1 கொரிந்தியர் 3) வைத்துத் திருச்சபை அந்தப் போதனையை விளக்குகிறது. ஆயர்கள் கூடிய 1274-இன் லியோன் சங்கத்திலும் 1439-இல் புளோரன்சிலும் அதை வரையறுத்தார்கள். ஆனால் ஜெபம் போதனைக்கு ரொம்ப முந்தியது. 387-இல் ஓஸ்தியா துறைமுகத்தில் சாகக் கிடந்த மோனிக்கா தன் பிள்ளைகளிடம், உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். எழுதி வைத்தவர் அவர் மகன் அகுஸ்தினார். நீங்கள் பூசை எழுதிக்கொடுப்பது இதேதான்.

இனி, நாம் சேர்த்துக்கொண்டோமா என்ற கேள்வி. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூதர்கள் கிரேக்கத்துக்கு மாற்றத் தொடங்கிய பழைய ஏற்பாட்டைத்தான் தொடக்கக் கிறிஸ்தவர்கள் வாசித்தார்கள். புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் பெரும்பாலும் அதிலிருந்தே மேற்கோள் காட்டினார்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு என ஏழு நூல்கள் அந்தக் கிரேக்கத் தொகுப்போடு வந்தவை. பின்னாளில் யூதர்கள் உறுதிப்படுத்திய எபிரேயப் பட்டியலில் அவை இல்லை. இதில் திருச்சபைக்குள்ளேயே பேச்சு இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. லத்தீனில் பைபிளை மொழிபெயர்த்த எரோணிமுசுக்கே தயக்கம் இருந்தது. அகுஸ்தினார் ஏற்றார். 397-இல் கார்த்தேஜ் சங்கம் அவற்றைச் சேர்த்தே பட்டியலிட்டது. 1546-இல் திரிதெந்து சங்கம் அதையே உறுதியாக அறிவித்தது. அந்த ஆண்டை வைத்துத்தான் நாம் சேர்த்தோம் என்கிறார்கள். அதற்கு 1,100 ஆண்டுக்கு மேல் முன்னாலேயே பட்டியல் இருந்திருக்கிறதே!

புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு வழி திறந்த லூத்தர்கூட அவற்றைத் தூக்கி எறியவில்லை. 1534-இல் வந்த அவருடைய ஜெர்மன் பைபிளில், வேதத்துக்கு இணை அல்ல, ஆனாலும் வாசிக்க நல்லவை என்று தனியாக வைத்தார். நம் ஊர்ச் சேதி இன்னும் அழகு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய தமிழ் மொழிபெயர்ப்பைச் சூல்ட்சே முடித்து அச்சிட்டபோது, 1728-இல் இந்த நூல்களும் அதில் வந்தன. செய்தவர்கள் இருவரும் லூத்தரன் மிஷனரிகள். கொழுந்தனிடம் இதைச் சண்டைக்காகச் சொல்லாதீர்கள். சந்தோஷமாகச் சொல்லுங்கள்.

அவரிடம் இருக்கும் வேதாகமத்தில் யோவான் 10:22-ஐத் திறக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில், தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகையின்போது இயேசு ஆலயத்தில் உலாவிக்கொண்டிருக்கிறார். அந்தப் பண்டிகை எப்படி வந்தது என்ற கதை மக்கபேயர் நூல்களில்தான் இருக்கிறது. இதனால் மட்டும் அது திருமுறை, அதாவது வேதமாக ஏற்ற நூல், ஆகிவிடாது, சரி. ஆனால் அவர் வேதாகமத்தில் உள்ள 66 நூல்களைப் புரிந்துகொள்ளவும் இவை வேண்டியிருக்கின்றன.

1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உழைத்தது. இந்த நூல்களை மலாக்கிக்கும் மத்தேயுவுக்கும் நடுவில் 'இணைத் திருமுறை நூல்கள்' என்று வைத்திருக்கிறார்கள். என் பிரதியில் அந்தப் பக்கங்கள்தான் அதிகம் கசங்கியிருக்கின்றன. அப்பா இறந்த வருடம் தோபித்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அநாதையாகக் கிடந்த பிணத்தைப் பற்றிக் கேட்டதும், சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துபோய் அதை எடுத்துவந்து, இருட்டின பிறகு குழி தோண்டிப் புதைக்கிறாரே அந்த மனுஷன்!

சின்ன வயதில் ராத்திரி ஜெபம் முடிந்ததும் பாட்டி எங்களை எழும்ப விடமாட்டார். "உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு ஒண்ணு" என்று சொல்லி இன்னொரு பரலோக மந்திரம் தொடங்குவார். நினைக்க யாருமில்லாத ஆத்துமாக்களுக்கும் சேர்த்து.

அதனால் ஊருக்குப் போங்கள். முந்தின நாளே போனால் புல் பிடுங்கிச் சுண்ணாம்பு அடிக்க நேரம் கிடைக்கும். சாயங்காலம் காற்று அடிக்கும், மெழுகுவர்த்தியை மணலில் கொஞ்சம் ஆழமாக ஊன்றி, ஒரு சிரட்டையைச் சாய்த்து வையுங்கள். சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டு உங்கள் வரிசைக்கு வருவதற்குள் 2 மக்கபேயர் 12-இல் 38 முதல் 45 வரை வாசித்துவிடலாம், எட்டே வசனம். கொழுந்தனைக் கூப்பிட்டால் வருவார் என்றுதான் நினைக்கிறேன். அவர் வாய்திறந்து ஜெபிக்க வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும்.

அம்மாவின் ஞானஸ்நானப் பெயரை எனக்கு எழுதுங்கள். எங்கள் பங்கில் அன்றைய பூசைக்குப் பெயர் கொடுக்கும்போது, அப்பா பெயருக்குக் கீழே அதையும் எழுதிக்கொடுத்துவிடுகிறேன்.