மெதுவாக ஓட்டும்போது மட்டும் அதிரும் படகு மோட்டார்

கேள்வி: பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு, பிரஷ் இல்லாத காந்த மோட்டார் பொருத்தினேன். வேகமாகப் போகும்போது குறையே இல்லை. நண்டு வலை இழுக்க வேகத்தைக் குறைத்தால் படகின் பின்பக்கம் தடதடவென்று அதிர்கிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். குற்றம் மோட்டாருக்கு வெளியே இருந்தால், புது மோட்டாரும் அதேபோல்தான் அதிரும்.

படகைக் கரையேற்றி, பேட்டரி இணைப்பையும் புரொப்பல்லரையும் கழற்றுங்கள். மோட்டாரின் மூன்று தடித்த ஒயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து (மோட்டாருக்கு மின்சாரத்தை முறைப்படுத்தி அனுப்பும் பெட்டி) பிரித்து, ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். இனி தண்டைக் கையால் மெல்லத் திருப்புங்கள். 'கடக், கடக்' என்று விரலில் தட்டுப்படுகிறதா? காந்தங்கள் ஸ்டேட்டரின் (மோட்டாரில் சுழலாமல் நிற்கும், சுருள் சுற்றிய பகுதி) இரும்புப் பற்களைப் பிடித்துப் பிடித்து விடுவதால் வருவது அது; மோட்டாரின் பிறவிக் குணம். பற்களுக்கு இடையே 12 பள்ளமும், சுழலும் பகுதியில் 8 காந்த முனையும் இருந்தால் ஒரு சுற்றுக்கு 24 பிடிப்பு. 12 பள்ளத்துக்கு 10 முனை என்றால் 60. எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு பிடிப்பும் பொதுவாக மெலிந்துவிடும். அடுத்த முறை மோட்டார் வாங்கும்போது இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

தண்டு வழுக்கிக்கொண்டு சுழன்றால், சந்தேகம் கன்ட்ரோலர் பக்கம் திரும்பும். சாதாரண கன்ட்ரோலர், ஒவ்வொரு மின்சுழற்சியிலும் ஆறு முறை மின்னோட்டத்தைச் சுருள் மாற்றிச் சுருள் அனுப்புகிறது. ஒரு சுருளில் மின்னோட்டம் இறங்கும் வேகமும் அடுத்ததில் ஏறும் வேகமும் ஒத்துப்போகாததால், அந்தக் கணத்தில் முறுக்குவிசை தடுமாறுகிறது. இரண்டு முனைக்கு ஒரு மின்சுழற்சி என்பதால், 10 முனை மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 5 மின்சுழற்சி; அது நிமிடத்துக்கு 60 சுற்று சுழன்றால் வினாடிக்கு 30 துடிப்பு. 600 சுற்றில் 300. அவ்வளவு விரைவான துடிப்பைப் புரொப்பல்லரின் கனமே விழுங்கிவிடுகிறது. உங்களுக்கு மெதுவாகப் போகும்போது மட்டும் அதிர்வதன் காரணம் இதுதான்.

ஆனாலும் கன்ட்ரோலருக்குச் செலவழிக்கும் முன் ஹால் சென்சாரின் (காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது) ஐந்து மெல்லிய ஒயர்கள் சேரும் கனெக்டரைத் திறந்து பாருங்கள். நம் உப்புக்காற்றில் அதன் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், மூன்று சிக்னல்களில் ஒன்று விட்டுவிட்டு வரும். அதுவே மோட்டாரை உதற வைக்கப் போதும். சுத்தம் செய்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மூடுங்கள். சென்சார் இடம் பெயர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்: 1 டிகிரி விலகினால், 10 முனை மோட்டாரில் மின்கோணம் 5 டிகிரி பிசகும்.

கனெக்டர் சரியாக இருந்தும் அதிர்ந்தால், அதே வோல்ட், ஆம்பியர் அளவில் சைன் அலை கன்ட்ரோலர் போடுங்கள். காந்தம் இருக்கும் இடத்துக்கு ஏற்ப மின்னோட்டத்தைக் கணக்கிட்டு அனுப்பும் எஃப்.ஓ.சி. வகையானால் இன்னும் நல்லது. மின்னோட்டம் தாவாமல் வழிந்து மாறுவதால் துடிப்பு வெகுவாக அடங்கும்.

கையில் தட்டுப்பட்ட பிடிப்பு பலமாக இருந்தால் மட்டும் கன்ட்ரோலர் தனியாகக் காப்பாற்றாது. காந்தத்தை அராவிச் சரிசெய்ய யாராவது முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். பிடிப்பைக் குறைக்கச் சாய்வாகக் காந்தம் பதிப்பது தொழிற்சாலையில் செய்ய வேண்டிய வேலை. மோட்டாருக்கும் புரொப்பல்லருக்கும் இடையே மூன்றுக்கு ஒன்று பெல்ட் வைத்தால், படகு மெதுவாகப் போகும்போதும் மோட்டார் மூன்று மடங்கு வேகத்தில் சுழலும். வலை இழுக்கும் வேகத்துக்கு அது போதும்.