முருகன் செவ்வாய்க்கு மட்டும்தானா?

கேள்வி: செவ்வாய் தோஷம் என்றதும் முருகனைக் கும்பிடு என்கிறார்கள். ஆனால் அவருக்குரிய கார்த்திகை நட்சத்திரத்துக்கு அதிபதி சூரியன், விசாகத்துக்கு குரு. அப்படியென்றால் செவ்வாய் எங்கிருந்து வந்தது?

பதில்: நல்லா பிடிச்சீங்க! நட்சத்திர அதிபதியோடு நிற்காமல் ராசிக் கட்டத்தையும் பாருங்கள். கார்த்திகையின் முதல் பாதம் (கால் பகுதி) மேஷத்தில், விசாகத்தின் நாலாம் பாதம் விருச்சிகத்தில், இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் செவ்வாய்தான். அது போக செவ்வாய்க்குச் சொல்லும் சிவப்பு நிறம், வீரம், படைத்தலைமை எல்லாம் வேலேந்திய தேவசேனாபதிக்கு அப்படியே பொருந்துகிறது. வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போனால் அங்காரகன், அதாவது செவ்வாயின் சன்னதியும், முருகனான செல்வமுத்துக்குமாரசுவாமியின் சன்னதியும் ஒரே கோயிலுக்குள் இருப்பதைப் பார்க்கலாம்.

அதற்காக அவரைச் செவ்வாய்க்கு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம். திருச்செந்தூரை குரு தலம் என்கிறோம். கர்நாடகத்தில் குக்கே சுப்ரமண்யாவில் அவரையே நாகத்தின் உருவில் வணங்குகிறார்கள், அங்கே ராகு கேது தோஷத்துக்கு வருகிற கூட்டம்தான் அதிகம்.

அப்புறம், செவ்வாய் தோஷம் என்று ஒரே வரியில் யாராவது சொன்னால் பயந்துவிடாதீர்கள். செவ்வாய் தன் சொந்த வீடான மேஷம், விருச்சிகத்தில் ஆட்சியாகவோ, மகரத்தில் உச்சமாகவோ (முழு பலத்தோடு) இருந்தால் தோஷமே இல்லை என்று சொல்லும் ஜோதிடர்கள் நிறையப் பேர்.