தண்டாலுக்கு ஏன் அந்தப் பெயர்?

உடற்பயிற்சிச் சொற்களையும் அவற்றிலிருந்து பேச்சுக்கு வந்த வழக்குகளையும் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி: மாஸ்டர், தண்டால் தமிழ்ச் சொல்லா? பத்து எடுப்பதற்குள் எனக்கு இடுப்பு தொங்கிவிடுகிறது.

பதில்: இந்தியில் 'தண்ட்' என்பார்கள். வேர் தண்டம், அதாவது தடி. பெரியவர்கள் காலில் தண்டனிடுகிறோமே, அதிலும் இதே தடிதான். வெட்டிப் போட்ட கம்புபோல உடம்பை நீட்டி விழுவது. பயில்வான்கள் எடுக்கும் தண்டால் இடுப்பை உயர்த்தி, பாம்புபோல் வளைந்து போகும். நீங்கள் எடுப்பது நேர்த் தண்டால். தலை முதல் குதிகால் வரை ஒரே தடியாக இருக்க வேண்டும். தொங்குகிறதா, தரையை விடுங்கள். திண்ணையில் கை ஊன்றி ஐந்து எடுங்கள், போதும். தொங்கிக்கொண்டு எடுக்கும் பத்தைவிட அது மேல்.

கேள்வி: தேர்தல் செய்திகளில் 'கோதாவில் குதித்தார்' என்கிறார்களே?

பதில்: கோதா என்பது குஸ்திக் களம். மண்ணைக் கொத்திச் சலித்து எண்ணெய், மோர், மஞ்சள் கலந்து பதமாக்குவார்கள். விழுந்தால் அடிபடக் கூடாது, சிராய்த்தால் புண்ணாகக் கூடாது. குஸ்தி, பயில்வான், குஸ்தி ஆசானைக் குறிக்கும் வஸ்தாது எல்லாமே பாரசீகத்திலிருந்து வந்தவை. அவர்களைப் பாராட்டச் சொல்லும் சபாஷும் அப்படித்தான். 'ஷாத் பாஷ்', மகிழ்ச்சியாக இரு என்று பொருள். பாராட்டே வாழ்த்தாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அப்புறம், குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால்தான் தோல்வி. 'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்பதைக் கோதா ஓரம் நின்று கேட்டால், விழுந்தவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரியும்.

கேள்வி: மஸில்?

பதில்: லத்தீனில் 'சுண்டெலி'. கையை மடக்கிப் பாருங்கள், தோலுக்கடியில் ஓடும்.

கேள்வி: டிரெட்மில் தண்டனை மாதிரி இருக்கிறது என்கிறார் அப்பா.

பதில்: அப்பா சொன்னது சரி. 1818 வாக்கில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் இங்கிலாந்துச் சிறைகளுக்காக வடிவமைத்தது அது. பெரிய உருளையில் படிகள்; கைதிகள் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருப்பார்கள். சில சிறைகளில் அதை வைத்து மாவு அரைத்தார்கள். பெயரில் உள்ள 'மில்' அந்த ஆலைதான். 1898-இல் வந்த சிறைச் சட்டத்துக்குப் பிறகே அது ஒழிந்தது. அப்பா தெருவிலேயே நடக்கட்டும். பேச்சுத் துணைக்கு நீங்களும் போங்கள்.

கேள்வி: தோப்புக்கரணத்துக்கும் 'கரணம் தப்பினால் மரணம்' என்பதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: இல்லை. அந்தக் கரணம் கழைக்கூத்தாடி அந்தரத்தில் அடிப்பது. தோப்புக்கரணத்தை 'தோர்பி: கர்ணம்' என்ற வடமொழித் தொடரோடு சேர்த்து, கைகளால் காதைப் பிடித்தல் என்று விளக்குவார்கள்.

கேள்வி: 'வீடு கட்டி அடிக்கிறான்' என்கிறோமே, என்ன வீடு அது?

பதில்: சிலம்ப வீடு! கம்பைச் சுழற்றியபடி காலடியை மாற்றி மாற்றி வைத்து, எதிராளி நுழைய முடியாத வட்டத்தைத் தன்னைச் சுற்றி உண்டாக்குவதுதான் வீடு கட்டுதல். புதிதாகக் கற்பவர்கள் கம்பையே பார்ப்பார்கள். காலைப் பாருங்கள், வீட்டைக் கட்டுவது அதுதான்.